காற்றாட வைத்த சீஸ்

கோயம்புத்தூரில் பீட்சா கடைகள் ஒவ்வொன்றாக முளைத்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மடத்துக்குளத்துத் தோட்டத்தில் நான் சீஸ் செய்ய ஆரம்பித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. இருந்தும் ஷெட் கட்டிக் கொடுத்தார். ஈரப்பதம் அளக்க, கம்பெனியில் துணி சோதிக்கும் லேப்காரரையும் அனுப்பினார். தென்காசிப் பக்கத்து மனுஷர், வேலையில் சுத்தம்.

எங்களிடம் வாங்கியது ஒரே ஒரு பீட்சா கடை. இரண்டு தடவை சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவருக்குள் தண்ணீர் நிற்கிறதாம், துருவினால் ஒட்டிக்கொள்கிறதாம். லேப் கணக்கிலோ ஈரப்பதம் சரியாகவே இருந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. அடுத்த சரக்கும் திரும்பினால் ஷெட்டைக் காலி செய்து, பனியனுக்குக் காலர் பின்னும் மெஷின் போடப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இடத்தை அளக்க ஆளும் வந்துவிட்டது.

அந்த ஆள் டேப்பை இழுப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் லேப் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு தட்டில், அளப்பதற்காகத் துருவிய சீஸ். கொஞ்சம் எடுத்து வாயில் போட்டேன். விறைத்துக் கிடந்தது. அதைத் துருவிய கட்டியோ பக்கத்திலேயே குழைவாக இருந்தது.

"இதை ஏனுங்க இப்படித் திறந்து வெச்சிருக்கீங்க?"

"காத்தாடட்டும்னுதான் மேடம். கம்பெனியில துணியையும் அப்படி வச்ச பொறவுதான் தராசுல வைப்போம்."

ஓவனில் காய வைக்கும் முன்பே ஃபேன் ஒரு பங்குத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. மிச்சத்தைத்தான் இவர் அளந்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். புதிதாகத் துருவி, மூடி போட்ட கிண்ணத்தில் உடனே எடை பார்க்கச் சொன்னேன். ஓவனில் காய்ந்து, ஆறிய பிறகு மறுபடி எடை. ஈரப்பதம் எக்கச்சக்கம்.

அடுத்த ஈட்டை அச்சில் கூடுதல் பாரம் வைத்து அழுத்தினோம். அந்தச் சரக்கு திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த வீட்டுக்காரர் விஷயம் கேட்டு லேப்காரரை வறுத்தெடுத்தார். யார் உன்னைக் காற்றாட வைக்கச் சொன்னது என்றார்.

"நீங்கதான் சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, காத்தாட விடாம எதையும் எடை போடக் கூடாதுன்னு சொன்னீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அந்தக் காலர் மெஷினை திருப்பூர் ராயபுரம் குடோன்லயே போட்டுக்கறேன்" என்றார்.

"சரிங்க. சாப்பிட வாங்க" என்றேன்.