எண்ணெய் தடவிய கேரம் போர்டு

பெரியவர் இம்மானுவேலுக்குக் கை நடுங்கும். குழிக்குப் பக்கத்திலேயே காய் இருந்தாலும் அவர் அடிக்கிற அடி வேறெங்காவது போகும். அப்போதெல்லாம் இளைய மருமகள் ஷெரின், பவுடரைத் துடைக்கிற சாக்கில் துணியோடு கையை நீட்டி, அவர் குறிவைத்த காயை, அடுத்த அடியில் எப்படியும் விழும்படி, குழியின் வாயிலேயே நகர்த்தி வைத்துவிடுவாள். காய் விழுந்ததும், "மாமா, இன்னைக்கு உங்கள யாரும் பிடிக்க முடியாது" என்பாள். பெரியவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

இதைக் கவனித்தது அந்த வீட்டில் ஒருத்திதான். மூத்த மருமகள் எஸ்தர். பார்த்தவளுக்கு மனம் இளகியிருக்க வேண்டும், எரிந்தது. இது நமக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று எரிந்தது.

பசுமலையில் அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுவரலமாரி உண்டு. ஷெரின் வருவதற்கு முன் அது எஸ்தரின் பொறுப்பில்தான் இருந்தது. விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் அதில் ஒரே குவியலாகக் கிடக்கும். லூடோ காய் பல்லாங்குழிக்குள் இருக்கும். இரண்டு பசில் படங்களின் துண்டுகளும் ஒரே பையில் கிடக்கும். குதிரைப் படத்தைச் சேர்க்க உட்கார்ந்தால் அதற்கு மயிலின் கால்தான் கிடைக்கும். அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

ஷெரின் கல்யாணமாகி வந்த வருடம், கோடை விடுமுறையில், எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் பிரித்தாள். கேரம் காய்கள் அல்வா டப்பாவுக்குள் போயின. பசில் துண்டுகளின் முதுகில் குதிரைக்குச் சிவப்புப் புள்ளி, மயிலுக்கு நீலப் புள்ளி வைத்து, ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிகளில் தனித்தனியாகப் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் "ஷெரினு, செஸ் எடும்மா", "சித்தி, விளையாட வாங்க" என்பதுதான் பேச்சு. எஸ்தர் பெற்ற மகள் கெசியாகூடப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவைத் தாண்டிச் சித்தியிடம்தான் ஓடினாள்.

"ஆண்டவரே, இந்தப் பொறாமைக் காய்ச்சலை என்னைவிட்டு எடும்" என்று எஸ்தர் முழங்காலில் நின்று ஜெபிப்பாள். எழுந்து அடுப்படிக்குப் போனதும் பாத்திரம் டமாரென்று விழும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாம்பல் புதனன்று அலமாரியைப் பூட்டுவார்கள். லெந்து என்கிற நாற்பது நாள் நோன்பு முடியும்வரை விளையாட்டு கிடையாது. ஈஸ்டர் சாயங்காலம் மூத்த மருமகள் பூட்டைத் திறப்பாள், எல்லாரும் கூடி ஆடுவார்கள். இந்த வருடம் பூட்டும்போதே பெரியவர் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை ஷெரினே திறக்கட்டும். எது எங்க இருக்குன்னு அவளுக்குத்தான தெரியும்."

அந்த நாற்பது நாளும் எஸ்தருக்கு அந்தச் சொல்லைத் தாங்குவதுதான் உபவாசம். ஈஸ்டர் அன்று ஒரு தடவையாவது எல்லார் வாயிலும் தன் பெயர் வர வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ஷெரின் கோவிலில் பூ அலங்காரத்துக்குப் போயிருந்தாள். "தூசி தட்டணும் மாமா" என்று எஸ்தர் சாவியை வாங்கினாள். கேரம் போர்டை வெளியே எடுத்து, தேக்குக் கட்டிலுக்குப் போடுவதுபோலத் தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தாள். போர்டில் முகம் தெரிந்தது. திருப்தியோடு பூட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் ஷெரின் திறந்தாள்.

"யம்மாடி, கண்ணாடி மாதிரி மின்னுது!" என்றாள் கெசியா.

"சும்மா துடைச்சு வச்சேன்" என்றாள் எஸ்தர். குரலில் பெருமை தாங்கவில்லை.

பவுடரைத் தூவினார்கள். அது எண்ணெயில் ஊறி மாவாகக் குழைந்தது. பெரியவர் அடித்த ஸ்ட்ரைக்கர் நாலு விரல் தூரம் போய் ஒட்டிக்கொண்டது.

எஸ்தரின் கணவன் மரியராஜ் குனிந்து பார்த்தான். "இதுல கேரம் ஆடுறதா, தோசை ஊத்துறதா?"

வீடே சிரித்தது. கெசியாதான் அதிகமாகச் சிரித்தாள்.

"மரத்துக்கு எண்ணெய் நல்லதுதான் மாமா. வெயில்ல வச்சா சரியாயிரும்" என்று சொல்லியபடியே ஷெரின் போர்டைக் கவிழ்த்தாள். அதன் முதுகில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு போட்டாள். புளியங்கொட்டைகள் ஆடாயின, கேரம் காய்கள் புலியாயின. சற்று நேரத்தில் எண்ணெய்க் கதை எல்லாருக்கும் மறந்துபோனது.

எஸ்தருக்கு மறக்கவில்லை. ஷெரின் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் கையாலேயே காப்பாற்றப்பட்டதுதான் தாங்கவில்லை.

ஜூன் மாதம் ஷெரினின் கணவனுக்கு ஓசூரில் வேலை மாற்றம் வந்தது. புறப்படுகிற காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. ஷெரின் அலமாரிச் சாவியை எஸ்தரின் கையில் வைத்து அழுத்தினாள்.

"இனிமே அங்க யாரு கூட விளையாடப் போறே?" என்றாள் எஸ்தர். அதில் பாதி பரிவு, பாதி நிம்மதி.

ஷெரின் சிரித்தாள். "ஒண்ணு சொல்லவாக்கா? எனக்கு உங்க மேல ரொம்பப் பொறாமை. மாமாவுக்கு நெஞ்சு வலிச்சாலும், கெசியாவுக்குக் காய்ச்சல் அடிச்சாலும், இந்த வீட்டுல உங்களத்தான் தேடுறாக. விளையாடத்தான் என்னையக் கூப்பிட்டாக. எனக்குன்னு இருந்தது இந்த அலமாரி மட்டுந்தான்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த ஷெரின், பெரியவர் காதில் விழாதபடி தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா ஆடுறப்ப துணியக் கையிலயே வச்சுக்கங்கக்கா. காயை எப்படித் தள்ளணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்கதான் தினமும் பார்த்துக்கிட்டே இருந்தீகளே."