அட்டையில் மாறிய முகம்

போன வருடம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஜாலான் புசார் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் நான் தமிழ் டைப் செட்டிங் செய்கிறேன். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நினைவு மலர் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும்.

அந்த மாதம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. முதலாளி தொடுதிரை வைத்த புதிதைக் கொண்டுவந்து இறக்கினார். எனக்குப் பழகிய மெனு ஒன்றையும் அதில் காணோம். எங்கு பார்த்தாலும் பெரிய பெரிய கட்டங்கள். ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். ஒரு படத்தின் மேல் விரல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால், அது கழன்று விரலோடு நகரும். இன்னொரு படத்தின் மேல் போய் விழுந்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். விற்றவர் வந்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பாதிதான் புரிந்தது. முழுசாகத் தலையாட்டினேன்.

"அக்கா, கஷ்டமா இருந்தா மவுஸ் ஒண்ணு மாட்டித் தரவா?" என்று முதலாளி கேட்டார்.

"அதெல்லாம் வேணாம் பாஸ். ஒரு வாரத்துல பழகிடும்லா."

என்னைவிட வயதில் சின்னவர் அவர். அவரிடம் தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. எந்தப் பக்கம் இழுத்தால் என்ன வரும் என்பதை ஒரு குட்டி நோட்டில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் தோ பாயோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பா தவறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம், அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க எட்டுப் பக்கத்தில் நினைவு மலர் வேண்டும் என்றாள். அட்டையில் அப்பா படம். உள்ளே சித்தப்பா எழுதிய அஞ்சலி, பக்கத்தில் அவர் படம். இரண்டு படத்தையும் பேர் போட்டு போனில் அனுப்பிவைத்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மீசை. அசந்தால் ஆள் மாறிவிடும்.

வெள்ளிக்கிழமை, சரிபார்ப்பதற்காக அவள் போனுக்குப் புரூஃப் அனுப்பினேன். "சரியா இருக்கு ஆன்ட்டி, அப்பா பேர்ல மட்டும் 'ல' இல்ல, 'ள' வரணும்" என்று பதில் போட்டாள். அந்த ஓர் எழுத்தை மாற்றத்தான் மறுபடி திறந்தேன். பக்கங்களைத் தள்ளும்போது ஒரு படம் விரலோடு நகர்ந்தது. எடுத்த இடத்தில் விட்டேன் என்று நினைத்தேன். திரும்ப ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று மனதுக்குத் தோன்றியது. ஆனால் முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் நான் தடுமாறுவதை அவர் பார்த்துவிடக் கூடாது. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை அவள் வந்து பார்சலை வாங்கிப் போனாள்.

ஞாயிறு காலை கடை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்தப் பெண்தான்.

"ஆன்ட்டி, அட்டையில சித்தப்பா படம் வந்திருக்கு. கீழ அப்பா பேரு, இறந்த தேதி... எல்லார் கையிலயும் கொடுத்துட்டாங்க. சித்தப்பா அதை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருக்காரு."

வெள்ளிக்கிழமை விரலோடு அந்தப் படம் நகர்ந்தது உடனே நினைவுக்கு வந்தது. வந்தும், வாயில் வந்தது வேறு.

"நீங்க அனுப்புனபடிதாம்மா போட்டேன். படத்தோட பேரை மாத்தி அனுப்பியிருப்பீங்க."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. பின்னால் அவள் அம்மாவின் குரல் கேட்டது: "பார்த்தியா? நீதான்! அப்பாவுக்கு இந்த ஒண்ணைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியல உனக்கு." அதோடு லைன் கட்டாகிவிட்டது.

பழைய புரூஃபைத் தேடித் திறந்தேன். அட்டையில் அவள் அப்பாதான் இருந்தார். அவள் தன் போனிலேயே அதைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாள். நான் அதை மூடி வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் குடித்தேன். அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "சாரி ஆன்ட்டி. அழுதுகிட்டே அனுப்பினதுல மாறிடுச்சு போல. உங்க மேல கோபப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க. திரும்ப அடிச்சுத் தர முடியுமா?"

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. எழுந்து போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை தோ பாயோவில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா, சித்தப்பா, அவள் மூவரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொன்னேன். "படத்தை மாத்துனது நான்தான். போன்ல கேட்டப்பவே எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன்."

சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"என் படம் வந்தது பெரிசில்லம்மா. நான் உயிரோடதான் இருக்கேன். ஆனா நேத்துலேருந்து இந்தப் பிள்ளைகிட்ட இந்த வீட்டுல யாரும் முகம் கொடுத்துப் பேசல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் பக்கம் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தட்டியும் விடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"புக்கை நீங்க மறுபடி அடிச்சுக் கொடுத்துடுவீங்க ஆன்ட்டி. அப்பா காரியத்துல எல்லார் முன்னாலயும் அம்மா என்னைச் சொன்னாங்களே, அதை என்ன பண்றது?"

கையெடுத்துக் கும்பிட்டேன். லிப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் எட்டு மாடியும் படியிறங்கி வந்தேன்.

புதிய மலரை முப்பதாம் நாளுக்கு முன்பே அடித்துக் கொடுத்தோம். முதலாளியை உட்காரவைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் அவர் கண்முன் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பினேன். அவள் அம்மாவோடு வாங்க வந்தாள். கவுண்டரிலேயே நின்று எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அட்டையில் அப்பா முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்தத் திரை இப்போது எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஆனாலும், ஐம்பத்து மூன்று வயதில் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, அப்பாவை இழந்து நின்ற ஒரு பெண்ணின் தலையில் என் தவற்றைத் தூக்கிவைத்தேனே, அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.