அமைச்சர் மாமாவும் பன்னிரண்டு வெறும் கட்டங்களும்

சிறுவர் பக்கம் நடத்துகிறவர்களுக்கு எதையும் விடுகதையில் தொடங்கித்தான் பழக்கம். பெயர்ப்பலகை மாறும், கட்டிடம் மாறும், வாகனமும் மாறும்; உள்ளே இருப்பவர் மட்டும் மாறமாட்டார். அவர் யார்? கல்முனைப் பிள்ளைகளிடம் கேட்டால் 'எங்கட அமைச்சர்' என்று உடனே சொல்லிவிடுவார்கள். மருதமுனையிலிருந்து ஒரு பையன் மட்டும் 'அவருடைய சாரதி' என்று எழுதியிருந்தான். விசாரித்துப் பார்த்தேன், அதுவும் சரிதான். முழுப் புள்ளி கொடுத்தேன்.

எங்கள் வாரப் பத்திரிகையில் 'அமைச்சர் மாமாவிடம் கேளுங்கள்' என்ற பகுதியை இருபது வருடமாக நான்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் கேள்வி அனுப்புவார்கள். நான் அவற்றை அமைச்சரிடம் கொண்டுபோய், அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வருவேன். இப்போது பன்னிரண்டு வாரமாக ஒரு கேள்விக்குக் கீழே வெறும் கட்டம் அச்சாகிறது. ஐந்தாம் தரத்தில் படிக்கும் ஹஸ்னா, தன் பள்ளிக்கூடத்து மலசலகூடத்துக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில் ஒரு படமாவது போடக்கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சர்களின் வரவேற்பறையில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

பிடித்த பழம்

இந்தப் பகுதி தொடங்கிய முதல் வாரம் வந்த கேள்வி மிகச் சின்னது: உங்களுக்குப் பிடித்த பழம் எது? அப்போது அவர் அமைச்சராகிப் புதிது. என்னை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்துவிட்டு யோசிக்கத் தொடங்கினார். வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, என்றார். எழுதினேன். வெட்டச் சொன்னார். மாம்பழம் என்றார். அதையும் வெட்டச் சொன்னார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் 'எல்லாப் பழமும்' என்று எழுதும்படி சொன்னார்.

பிள்ளைகளுக்கு இது பதிலாகாதே என்றேன். அவர் சுவரில் தொங்கிய மாவட்டப் படத்தைக் காட்டினார். நான் ஒருநாளும் படிப்பித்தவளல்ல. ஆனாலும் அன்று அவர் 'டீச்சர்' என்று அழைத்ததால் இன்றுவரை எல்லோரும் என்னை அப்படியே அழைக்கிறார்கள். "டீச்சர், வத்தகப்பழம் எண்டாப் பொத்துவிலுக்குச் சந்தோசம். மத்த ஊரெல்லாம் எங்கட பழத்துக்கு என்ன குறை எண்டு கேக்கும். வாக்குப் பெட்டி எல்லா ஊர்லயும்தானே இரிக்கி."

அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

ஆட்சி மாறியது. புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சியை மேடைக்கு மேடை திட்டியவர், அந்தத் தொண்டைக் கட்டு மாறுமுன்னே அதே கட்சியின் அரசாங்கத்திலும் அமைச்சரானார். நிந்தவூர்ப் பிள்ளை ஒன்று கேட்டது: போன மாதம் அந்தப் பக்கம் இருந்தீர்கள், இப்போது ஏன் இந்தப் பக்கம்?

அமைச்சரின் இணைப்பாளர் றபீக் அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். நான் எடுத்து மேலே வைத்தேன். அவர் மறுபடியும் அடியில் வைத்தார். நான் மறுபடியும் மேலே வைத்தேன். மூன்றாம் முறை அமைச்சரே கைநீட்டி வாங்கி வாசித்தார். சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டேன். சலூன் கண்ணாடிகளில்கூட அதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். "மகன், நான் நிண்ட இடத்திலதான் நிக்கிறன். அரசாங்கம்தான் அங்கால இங்கால போகுது."

ஏழு பதில்கள்

வருடங்கள் போகப்போக அவரைக் காண்பது கடினமாயிற்று. ஒரு நாள் றபீக் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். அதில் ஏழு பதில்கள் இருந்தன. 'உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது', 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று இப்படி. எந்தக் கேள்வி வந்தாலும் இவற்றில் ஒன்று பொருந்தும், இனி நீங்கள் அலையத் தேவையில்லை என்றார். அந்த வாரக் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன்: அமைச்சர் மாமா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா? றபீக் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்ற வரியில் விரல் வைத்தார்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அமைச்சர் தன் வாயால் சொல்வதை மட்டும்தான் அவர் பெயரில் போடுவேன் என்றேன். நான்கு மணித்தியாலம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். வெளியே வந்த அமைச்சர் வாகனத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்: "கடற்கரையில பிறந்தவன் நான். நீந்தத் தெரியாது எண்டு போட்டுடாதீங்க, டீச்சர். தெரியும் எண்டும் போட்டுடாதீங்க."

ஹஸ்னாவின் கடிதம்

கோடுபோட்ட கொப்பித் தாளில், உருண்டை எழுத்தில் வந்தது அந்தக் கடிதம். 'அமைச்சர் மாமா, எங்கள் பள்ளிக்கூடத்து மலசலகூடத்தை நீங்கள்தான் திறந்துவைத்தீர்கள். உங்கள் பெயர் போட்ட கல் இருக்கிறது. குழாய் இருக்கிறது. தண்ணீர் வருவதில்லை. நான் காலையில் தண்ணீர் குடிக்காமல் போகிறேன். எப்போது வரும்?'

பிள்ளைகள் எழுதுவதையும் சரிபார்த்துப் போடுவது என் வழக்கம். போய்ப் பார்த்தேன். கல் இருந்தது. குழாயைத் திறந்தேன், ஒரு எறும்பு வந்தது. பெண்பிள்ளைகளிடம் தனியாக விசாரித்தேன். வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் தண்ணீர் குடிக்காமலேதான் வருகிறார்கள். வெயில் காலத்தில் தலைசுற்றி விழுந்த பிள்ளையும் உண்டு. ஆசிரியைகள் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். கடிதத்தில் ஒரு சொல்லும் கூட்டி எழுதப்படவில்லை.

றபீக் அதை நின்றபடியே வாசித்தார். வழமைபோல அடியில் வைக்கவில்லை; மடித்து என் கைப்பையிலேயே போட்டார். "டீச்சர், இது பிள்ளை கேக்கிற கேள்வியா? பிள்ளைகளெண்டா யானைக்கு எத்தனை பல்லு எண்டு கேக்கணும்."

முயல்

அமைச்சர் என்னைச் சந்திக்கவில்லை. ஆகவே கேள்வியைப் போட்டு, பதிலுக்குரிய இடத்தில் கட்டம் கட்டி, 'பதில் இன்னும் வரவில்லை' என்று கீழே ஒரு வரி போட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

மூன்றாம் வாரம் முகாமையாளர் கூப்பிட்டார். பத்திரிகைக்கு வரும் அரசாங்க விளம்பர அறிவித்தல்கள் நின்றுவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார். அவர் பயத்தில் பிழையில்லை. கட்டத்துக்குள் ஒரு முயல் படம் போடலாமே என்று கெஞ்சினார். முயல் உள்ளே வந்தால் நான் வெளியே போவேன் என்றேன். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

எட்டாவது வாரம் மீன் சந்தையில் வியாபாரி ஒருவர், இந்த வாரமும் வெறும் கட்டம்தானா என்று பாரைமீனை வெட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். அவருக்குச் சின்னப் பிள்ளைகளே இல்லை. அன்று பின்னேரம் முகாமையாளரும் வாய் திறந்தார். "முயல் வேணாம், டீச்சர். சனம் தலைப்புச் செய்தியை விட்டுட்டு முதல்ல ஒங்கட கட்டத்தைத்தான் பாக்குது."

முதலில் நன்றி

பன்னிரண்டாவது வாரம் அமைச்சரே வரச்சொன்னார். தேநீர் வந்தது. மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. ஹஸ்னா எழுதியதுபோல, அமைச்சர் மாமாவுக்கு நன்றி. எங்கள் ஊர்ப்பக்கத்தில் இது புதிதல்ல. வீதிக்குத் தார் ஊற்றுமுன்னே நன்றிப் பதாகை தொங்கிவிடும். பிள்ளை கையெழுத்து வைத்து இந்த வாரம் இது அச்சில் வந்தால், அடுத்த மாதம் குழாயில் தண்ணீர் வரும் என்றார். தண்ணீர் வந்த மறுநாளே பெரிய எழுத்தில் நன்றி போடுகிறேன் என்றேன். நன்றிதான் முதலில் என்றார். பிள்ளைக்காக நான் கையெழுத்து வைக்கமுடியாது, அவளிடமே கேட்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டேன். "கேளுங்க, கேளுங்க. இருவது வருசமாப் பெரியாக்கள் எல்லாரும் வச்ச கையெழுத்துத்தானே."

இரண்டு கோப்பை

ஹஸ்னாவின் வீட்டில் இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொன்னேன். கையெழுத்து வைத்தால் தண்ணீர் வரக்கூடும். வைக்காவிட்டால் வராமலே போகக்கூடும். இரண்டுக்கும் நான் பொறுப்புச் சொல்லமுடியாது. அவளுடைய உம்மா, கையெழுத்துத்தானே மகள், வைத்துவிடு, தண்ணீர் வந்தால் போதும் என்றார். அவரை நான் குறைசொல்லமாட்டேன்.

ஹஸ்னா கடிதத்தை விரல் வைத்து வாசித்தாள். 'இப்போது நான் தினமும் காலையில் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு மகிழ்ச்சியாகப் பாடசாலை செல்கிறேன்' என்ற இடத்தில் விரல் நின்றது. இதை எழுதியது யார் என்று கேட்டாள். றபீக் மாமா என்றேன். "நான் இண்டைக்கும் குடிக்கல்லையே" என்றாள்.

இருபது வருடமாக அமைச்சரின் பதில்களில் ஒரு சொல்லையும் திருத்தாத என்னைக்கொண்டு, ஒரு பிள்ளையின் காலை வேளையைத் திருத்தப் பார்த்தார்கள். ஹஸ்னா கையெழுத்து வைக்கவில்லை. பதின்மூன்றாவது வாரமும் கேள்வியையே போடச் சொன்னாள்.