பொட்டு வைத்த சுவிட்ச்

ஈரச் சந்தனத்தின் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்குக் காது வலிக்கும். நான் ஏழாம் வகுப்பு படித்த ஐப்பசியில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய காரின் திருட்டு அலாரம் மழை தூறும்போதெல்லாம் தானாக அலறும். அலறினால் எஞ்சினும் கிளம்பாது. "ஏம்ப்பு, திருடனே வந்து எடுத்துட்டுப் போனாத் தேவலபோல" என்று எதிர்வீட்டு மாமா அப்பாவைச் சீண்டுவார்.

அப்பாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த சித்திக்கு நாள் நெருங்கியிருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய எங்கள் தெருவுக்குள் ஆட்டோக்காரர்கள் வர மறுப்பார்கள், அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. "அம்புட்டு வயரையும் வெட்டி எறிஞ்சிருவேன்" என்பார். வெட்டினால் வண்டி கிளம்பவே கிளம்பாது என்று எச்சரித்த வத்தலக்குண்டு சாலை மெக்கானிக்கோ, "நாளைக்கு வாரேன்" என்பதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொறுக்காமல் நானே இறங்கினேன். ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரை முறுக்கி "டெஸ்ட் லைட்" செய்து, ஒரு முனையை பேட்டரியில் மாட்டி மறுமுனையை, கதவுகளிலும் எஞ்சின் மூடியான பானெட்டிலும் அலாரத்துக்கென்று இருந்த ஒவ்வொரு சுவிட்சின் வயரிலும் வைத்துப் பார்த்தேன். கதவு திறந்தால் பல்ப் எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும். திறந்து மூடும் வேலை சித்திக்கு.

"எரியுதாடி?"

"எரியுது."

"இப்ப?"

"அணைஞ்சிருச்சு."

"பெறகு எதுக்குடி கத்துது? எனக்கு ஏலல, செத்த நேரம் சாயுறேன்."

வெயிலில் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. தூறல் விழுந்ததும் மறுபடி அலறல். அன்று அலற அலறவே பானெட்டைத் திறந்தேன். அது மூடியிருப்பதாக அலாரம் நம்ப, அதற்கான சுவிட்சைக் குடைக்குள் நின்ற சித்தி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கதவு வயர்கள் கழன்றும் ஓயவில்லை. பானெட் வயரைப் பிடுங்கியதும் தெருவே அமைதியானது. சித்தி கையை எடுத்தாள். விரலெல்லாம் சந்தனம்.

ஆயுத பூஜையன்று அம்மா வைத்த பொட்டு, சுவிட்சின் இடுக்கில் இறங்கி, ஈரம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிட்டிருக்கிறது; பானெட்டை யாரோ திறந்துவிட்டதாக அலாரம் அலறியிருக்கிறது. "ஸ்டீரிங்குக்கு வச்சுட்டு இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல். துடைத்து மாட்டினோம். அந்த வாரமே ஒரு கொட்டும் மழையில் சித்திக்கு வலி எடுத்தது; கார் சத்தமின்றிக் கிளம்பியது.

அந்தக் கார் இப்போது இல்லை. புது வண்டிக்குக் கோளாறு என்றால் லேப்டாப்பை மாட்டிப் பார்க்கிறார்கள். போன மழையில் எங்கள் தெருவில் யாருடைய காரோ வெகுநேரம் அலறியது. ஒரு கதவும் திறக்கவில்லை, திட்டுவதற்குக்கூட ஆளில்லை. வேலை முடிந்து வந்த அலுப்பில் நானும் நாற்காலியை விட்டு எழவில்லை. அன்றைய மழையில் பிறந்து, இப்போது விடுமுறைக்கு வந்திருந்த சித்தி மகள்தான் ஜன்னலோரம் நின்று கேட்டாள்: "யக்கா, அத யாரும் போய்ப் பாக்க மாட்டாங்களா?"

எழுந்து டெஸ்ட் லைட்டைத் தேடினேன். எந்த அலமாரியிலும் இல்லை.