கவிழ்ந்தே நின்ற ஜீப்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவனை என் பட்டறைக்கு அழைத்து வாருங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

2012, ஆடி மாதம். கள்ளக்குறிச்சியில் எனக்கு வெல்டிங் பட்டறை. பழைய வண்டியின் பாடியை மட்டும் தனியாகக் கழற்றி, முன்னும் பின்னும் கம்பியில் கோத்து, வேண்டிய பக்கம் திருப்பிப் பற்றவைக்க ஒரு ஸ்டாண்டு செய்து வைத்திருந்தேன். கடைவாசலில் கோழி சுடும் மிஷின் மாதிரியே சுற்றும். ஊரில் அதற்குக் கோழி ஸ்டாண்டு என்றே பெயர். எடையைச் சரியாக மாட்டினால் ஒரு விரலால் சுற்றலாம். விட்ட இடத்தில் நிற்கும்.

நைனார்பாளையம் தெய்வசிகாமணி தன் பழைய திறந்த ஜீப்பைக் கொண்டுவந்தார். ஆவணியில் மகன் கல்யாணம், ஊர்வலத்துக்குப் புதுசு மாதிரி ஆக்க வேண்டுமாம்.

"பொண்ணு பின்னால குந்தும், பார்த்துச் செய். இடது பக்கம் தரைத் தகட்ட மட்டும் பிரிக்காத. அதும் மேலயே புதுசு அடிச்சுடு."

ஏன் என்று கேட்டேன். "சொன்னதச் செய்யிப்பா" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒருநாள் காலை பத்தரைக்குள், வண்டியைக் கவிழ்த்து அடிப்பக்கமாக அப்படியே அடித்து முடித்தேன். வழவழவென்று நல்ல வேலை.

மணி 12.00. கரண்ட் போனது. அப்போதைய தினசரி மின்வெட்டு, இனி மூன்று மணிக்குத்தான். ஜீப்பை நேராக நிறுத்தி, பூட்டுக் கம்பியைச் செருகிவிட்டு, நானும் கூட வேலை செய்யும் பச்சமுத்துவும் சாப்பிடப் போனோம்.

12.40. திரும்பி வந்தால் ஜீப் தலைகீழாகத் தொங்குகிறது. பூட்டுக் கம்பி தரையில் கிடக்கிறது.

"நீ தொட்டியாடா?"

"இன்னாண்ணே, உன்கூடத்தான துன்னுக்கினு இருந்தேன்?"

திட்டிக்கொண்டே நேராக்கினேன். கனத்தது. உள்ளே ஓர் ஆள் இருக்கிற கனம். கையை எடுத்தேன். மெல்லச் சுழன்று... மறுபடி கவிழ்ந்தது.

டக்... டக்... டக்.

தகடு ஆறுகிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கடைசியாகப் பற்றவைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

1.05. டக்... டக்... டக்.

குனிந்து உள்ளே பார்த்தேன். காலி.

கவிழ்ந்ததால் மேலே வந்திருந்த தரையில் கை வைத்தேன். காலையில் நான் அடித்த தகடு முழுக்கப் புடைப்பு. உள்ளிருந்து வெளியே. சுத்தியல் அடி இல்லை. ஒவ்வொன்றும் அரை வட்டம்.

என் உள்ளங்கைக்குக் கீழேயே...

டக்.

"எவ அது?" என்று கத்தினேன். ஏன் பெண் என்று நினைத்தேன்? இன்றுவரை தெரியாது.

சத்தம் நின்றது.

3.00. கரண்ட் வந்தது. கிரைண்டரை எடுத்து என் தகட்டை நானே அறுத்தேன். பச்சமுத்து தடுத்தும் கேட்கவில்லை. அடியில் பழைய தகடு. அதிலும் அதே அரை வட்டங்கள், எண்ண முடியாத அளவுக்கு. எல்லாம் துருப்பிடித்த பழசு.

தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். "யார்யா இதுல செத்தது?"

"மூடிக் குடுத்துடு. கல்யாணம் கிட்ட வந்துடிச்சு."

"மூட மாட்டேன்யா. இதுல எந்தப் பொண்ணும் குந்தக் கூடாது."

மறுநாள், வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் பொன்னுரங்கம் பட்டறைக்கு வந்தார். அந்தத் தகட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தெய்வசிகாமணி வண்டிதான? எட்டு வருசம் முன்ன மலை ரோட்டுல உருண்டு, பள்ளத்துல கவுந்துடிச்சு. அவருதான் ஓட்டிக்கினு வந்தாரு. குதிச்சிட்டாரு. பின்னால செல்லியம்மாள்னு ஒரு பொம்பள. கேசுக்குப் பயந்து, உள்ள யாருமே இல்லன்னுட்டாரு. மறுநாள் மத்தியானம் வண்டியத் தூக்குனா, அடியில பொணமா கெடக்குது. கையில சாமை அளக்குற இரும்புப் படி, வட்ட விளிம்பெல்லாம் நசுங்கி. மேல நின்ன சனங்களுக்கு டக்கு டக்குனு கேட்டுக்கினே இருந்திச்சாம்."

"கேட்டுட்டுச் சும்மாவா நின்னாங்க?"

"இன்னா சத்தம்னு அவராண்ட கேட்டிருக்காங்க. வண்டி சூடா இருக்குது, தகடு ஆறுதுன்னாராம்."