சிங்கம் இல்லாத கெண்டி

ஜலஜா யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. மயிலாப்பூரில் எங்களுக்கு அடுத்த வீடு. பர்மா, இங்கிலாந்து என்று அலைந்துவிட்டு நான் திரும்பியபோது எல்லாரும் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் விசாரித்தார்கள். அவள் மட்டும் ஒரு வெள்ளி டீக் கெண்டியை என் முன்னால் கவிழ்த்து வைத்து, “இதைப் படிச்சுச் சொல்லு” என்றாள்.

லண்டன் சந்தையில் பழைய வெள்ளியை நானும் புரட்டிப் பார்த்தவள்தான். அடியில் நடக்கும் சிங்கம் பொறித்திருந்தது, அசல் வெள்ளி என்பதற்கு. அரசர் தலை, வரி கட்டியதற்கு. ஓர் எழுத்து, செய்த ஆண்டுக்கு. நூறு வருஷப் பழசு என்றேன். பக்கத்தில் ஓரிடம் மட்டும் வழுவழுவென்று குழிந்து, கட்டைவிரல் பட்டால் அமுங்கியது. எதையோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.

“என் பேரை,” என்றாள்.

அவள் அப்பா சந்திரமௌலி ஒரு வெள்ளைக்கார ஜட்ஜிடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஜட்ஜ் சீமைக்குத் திரும்பும்போது கொடுத்த கெண்டியில் அப்பா மகள் பெயரை வெட்டிக் கல்யாணச் சீரோடு அனுப்பினார். வெள்ளிக்கிழமை தோறும் ஜலஜா அதைத் திருநீறு போட்டுத் துலக்குவாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அடியிலிருந்த சிங்கத்தை அவள் விரல் அறியும்.

கணவரின் அண்ணா சங்கரன் வக்கீல். மூக்கு ஆடுகிறது, ஒட்டவேண்டும் என்று ஒருநாள் கெண்டியை வாங்கிப் போனார். திரும்பி வந்ததிலும் ‘ஜலஜா’ என்று வெட்டியிருந்தது. ஆனால் துலக்கும்போது சிங்கம் தட்டுப்படவில்லை. அந்த இடத்தில் நான்கு கட்டங்களில் நான்கு இங்கிலீஷ் எழுத்துகள். அவள் சொன்னதை வீட்டில் கணவர் உட்பட ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அப்பா வந்தார். சங்கரன் பந்தியிலேயே கெண்டியைக் கவிழ்த்து, அந்த நான்கு எழுத்துக்குப் நிக்கல் கலந்த பித்தளைமேல் வெள்ளி பூசியது என்று அர்த்தம் என எல்லாருக்கும் விளக்கினார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, “உம்ம வெள்ளி பூச்சு, ஓய். மனுஷாளும் அப்படித்தானோ என்னமோ,” என்றார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அப்புறம் அந்த வாசல் ஏறவேயில்லை. ஏமாற்றிய சம்பந்தி என்ற பெயரோடு செத்துப்போனார்.

ஜலஜா காத்திருந்தாள். தனிக்குடித்தனம் வந்தபோது பூச்சுக் கெண்டியையும் எடுத்து வந்தாள். சங்கரன் தியாகராய நகரில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று அங்கே கண்ணாடி பீரோவில் அதே மாதிரி ஒரு கெண்டி நின்றது. யாரும் பார்க்காதபோது எடுத்து அடியைத் தடவினாள். சிங்கம் இருந்தது. பெயர் இருந்த இடம் குழிந்திருந்தது.

அப்போதே கத்தியிருக்கலாமே என்று கேட்டேன். கத்தினால் அழுகையாகிவிடும் என்றாள்.

சில மாதங்களில் ஒரு துரை சங்கரன் வீட்டுக்கு டீக்கு வந்தார். சர்க்கார் வக்கீல் பதவிக்கு அவர் சிபாரிசு வேண்டும். துரைக்குப் பழைய வெள்ளிமேல் ஆசை. நூறு வருஷக் கெண்டியைப் பரிசாகத் தருவதாகச் சங்கரன் முன்பே சொல்லிவைத்திருந்தார். சமையலுக்கு ஒத்தாசையாக வந்த ஜலஜாவின் முறுக்குக் கூடையில் பூச்சுக் கெண்டி இருந்தது. சங்கரனின் மனைவி வேம்பு பரிசைச் சுற்றப் பட்டுத்துணியை எடுத்து வருவதற்குள் இரண்டும் இடம் மாறின. துணியை ஜலஜாவே சுற்றிக் கொடுத்தாள்.

துரை துணியைப் பிரித்துக் கெண்டியைக் கவிழ்த்தார். சிரிப்பு வந்ததை மரியாதையாக அடக்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த தமிழ் எழுத்து என்ன என்று கேட்டார். சங்கரனே படிக்கவேண்டியிருந்தது. ஜலஜா யார் என்றதற்கு, தம்பி மனைவி என்றார். அப்படியானால் இது உங்களுடையதுகூட இல்லையா என்று கேட்டுவிட்டு, துரை கெண்டியை மேஜைமேலேயே விட்டுப் போனார். பதவி வேறொருவருக்குப் போயிற்று.

அசல் எங்கே என்று கேட்க சங்கரனுக்கு வழியில்லை. கேட்டால், அசல் தன்னிடம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லவேண்டும்.

அதுவரை ஜலஜா அவர் எதிரில் நின்று பேசியதில்லை. அன்றும் சமையலறைக் கதவருகே நின்று, அவர் காதில் விழும்படி வேம்புவிடம்தான் சொன்னாள்: “மன்னி, பூச்சுதானாம். மனுஷாளும் அப்படித்தானோ என்னமோன்னு அண்ணாவைக் கேளுங்கோ.”

சுரண்டிய இடத்தில் இப்போது அப்பா பெயரை வெட்டியிருக்கிறாள். பூச்சுக் கெண்டி சங்கரன் வீட்டிலேயே இருக்கிறது. நவராத்திரி தோறும் போய், அதைத் தன் கையால் துலக்கி, பெயர் வெளியே தெரியும்படி கொலுவில் வைத்துவிட்டு வருகிறாள்.