சத்தம் குறைந்த விசிறிகள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து கொழும்பிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கிய காலத்தில், கணினிப் படிப்பை முடித்துவிட்டு எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனைக்குத் திரும்பினேன். வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்துத் தட்டச்சு வேலையும் அழைப்பிதழ் வேலையும் எடுத்தேன்.
2. அதே அறையில்தான் அப்பா பகலில் நித்திரை கொள்வார். இரவில் கடலுக்குப் போய் விடிந்த பிறகு வருகிறவர். வீட்டில் ஓடு போட்டு முடிந்திருந்தது அந்த ஒரு அறை மட்டும். நடுவில் அம்மாவின் பழைய சேலையொன்றைக் கட்டியிருந்தோம்.
3. கணினியின் விசிறிகள் இரைந்தன.
4. சத்தம் குறைந்த விசிறிகளும், அவற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்கிக் கணினியில் பூட்டினேன்.
5. அப்பா அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டார்.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் நடந்ததை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

விசிறிகளைத் தெரிவு செய்தபோது நான் மிகவும் கவனமாக இருந்தேன். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தரும், ஆனால் என் பெட்டியின் பின்பக்கத் துளை சிறியது. ஆகவே சிறிய விசிறியையே மெதுவாகச் சுற்றவைக்க வேண்டும். எண்ணெயில் சுற்றும் வகை புதிதில் சத்தமே போடாது. ஆனால் எங்கள் உப்புக்காற்றில் சீக்கிரம் காய்ந்து கரகரக்கும். அச்சைச் சுற்றிச் சிறு இரும்புக் குண்டுகள் வைத்த வகை கொஞ்சம் முனகும், நெடுநாள் உழைக்கும். இரண்டாவதை எடுத்தேன். யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது.

“எல்லாரும் வேகத்தைக் கூட்டத்தான் வருகினம் தங்கச்சி. நீங்கள் ஒராள்தான் குறைக்க வந்தனீங்கள்.”

“வீட்டிலை அப்பா படுக்கிறவர்,” என்றேன்.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் விசிறிக்கு ஒன்றாக மூன்று குமிழ்கள். குமிழை மிகவும் குறைத்தால் விசிறி நின்றுவிடும். நின்றது தானாகத் திரும்பச் சுற்றாது. ஒவ்வொன்றையும் நிற்கும்வரை குறைத்து, அதற்குச் சற்று மேலே பேனையால் கோடு போட்டேன். நடு மத்தியானத்தில், ஓட்டுச் சூட்டுக்குக் கீழே, கோட்டில் வைத்தபடியே ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்தேன். தாங்கியது. அறையில் சத்தமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாயும் மகளும் கலியாண அழைப்பிதழ் அடிக்க வந்தார்கள். அவர்கள் கால் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவைத்ததும், கதிரைகளில் இருத்தி மாதிரிகளைக் காட்டினேன். அப்போதுதான் சேலைக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. அதுவரை அதை விசிறிகளின் இரைச்சல் மூடியிருந்திருக்கிறது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு, “அம்மா, ஆரோ மரம் அரியினம்,” என்றாள்.

“சும்மா இரும் நீர்,” என்று அவளை அடக்கிவிட்டுத் தாய் என்னிடம் கேட்டார். “உள்ளுக்கை ஆர் தங்கச்சி?”

“அப்பா. அவருக்கு இரவு வேலை.”

“எந்தக் கந்தோரிலை?”

இரவு வேலை என்றதும் ஏதோ அலுவலகத்தை நினைத்துவிட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா நித்திரையில் உளறினார். “இழுடா, இழு! வலை போகுது!” என்று தொடங்கி, வள்ளத்துக்குள் மட்டும் பேசக்கூடிய ஒரு சொல்லில் முடித்தார். மகள் சிரிப்பை விழுங்கினாள். தாய் மாதிரி அட்டைகளைத் திரும்பவும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

என் கை குமிழுக்குப் போனது. மூன்றையும் முழுதாகத் திருகினேன். விசிறிகள் எழும்பி இரைந்தன, அப்பாவின் சத்தம் அமுங்கிப்போனது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. வெளியாட்கள் வந்தால் கூட்டுவேன், போனதும் கோட்டுக்குக் குறைப்பேன். எங்கள் ஊராட்கள், தேவாலயத்தில் பிள்ளைகளின் புதுநன்மைக்கான அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் வரும்போது குமிழைத் தொடமாட்டேன். அவர்களுடைய வீடுகளிலும் யாரோ ஒருவர் பகலில் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருப்பார். இந்த வித்தியாசத்தை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது என்பது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் குசினியில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா பகிடியாக, “இப்ப பிள்ளையின்ரை மெஷின் சத்தம் போடுறேல்லை, நீங்கள்தான் போடுறியள்,” என்றார்.

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டே, “அது எங்கடை எஞ்சின் மாதிரித்தான்,” என்றார். “வள்ளத்துக்கை படுத்தாலும் காது எஞ்சினிலைதான் கிடக்கும். ஒரே மாதிரி ஓடினா நல்ல நித்திரை. கூட்டினாலும் குறைச்சாலும் உடனை முழிப்பு வந்திடும்.”

நான் அவசரமாகச் சொன்னேன். “சூடு ஏறினா கூட்டத்தானே வேணும் அப்பா.”

“ஓமோம்,” என்றார் அப்பா. “சப்பாத்துப் போட்ட ஆக்கள் வந்தாத்தான் அதுக்குச் சூடு ஏறுது.”

அம்மா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்பா மீன் துண்டொன்றை என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டுக் கை கழுவ எழும்பினார். அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் கடலால் வந்ததும் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, வலைகள் வைக்கும் கடற்கரைக் குடிசையான வாடிக்குப் போனார். “அங்கை நல்ல காத்து,” என்று அம்மாவிடம் சொன்னாராம். பின்னேரம் கூப்பிடப் போனேன். அவர் எழும்பி இருந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்டை வாங்கோ அப்பா. இனிக் கூட்டமாட்டன்.”

“நீ கூட்டாட்டியும், கூட்டினா நல்லம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பாய். எனக்கு நித்திரை வராது பிள்ளை.”

“அப்பிடி நினைக்கமாட்டன்.”

“சரி, சரி. இருட்டுது, நீ போ. அம்மாவைத் தேத்தண்ணி குடுத்துவிடச் சொல்லு.”

பிறகும் பல தடவைகள் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் காற்றைத்தான் காரணமாகச் சொன்னார். வாடியின் தென்னோலைக் கிடுகுக்கூரை மத்தியானத்தில் ஒரு பக்கத்தால் வெயிலை உள்ளே விடுகிறது. அதற்குப் பழைய படங்குத் துணியொன்றைக் கட்டியிருக்கிறார்.

இப்போது வெளியாட்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டால், கடற்றொழில் என்று உடனே சொல்கிறேன். முன்னறையில் அவர் இல்லாததால் அநேகமாக யாரும் கேட்பதில்லை. விசிறிகள் பழுதில்லாமல் ஓடுகின்றன. அப்பா மத்தியானம் சாப்பிட வருகிறார். வாசலில் சப்பாத்துகளைக் கண்டால் வீட்டைச் சுற்றிப்போய் குசினிக் கதவால் உள்ளே வருகிறார்.